வெள்ளைத் துணிக்குப் பின்பக்கம்

நுவரெலியா
11.2.1962

அன்புள்ள அழகுமுத்துக்கு,

லியனார்ட் எழுதுகிறேன். பேக்கரிக்கு வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. நான் எத்தனையோ கடிதம் போட்டுவிட்டேன். உன்னிடமிருந்து வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் நாலு வரி, கோழி கிளறிய மாதிரி. நாள் முழுக்கக் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துத் தேயிலைச் செடியை வெட்டுகிறவனுக்கு ஒரு பேனாவைப் பிடிக்கவா வலிக்கிறது?

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு இங்கிலீஷ் சண்டைப் படத்துக்குப் போனேன். பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சண்டை விளங்கியது. நிஜக் கப்பல், நிஜப் பீரங்கி. நம்முடைய ராஜா படங்களில் வருகிற மாதிரி இருபது பேரையே சுற்றிச் சுற்றி ஓடவிட்டுப் படை என்று காட்டவில்லை. ஒரு சிப்பாய் குண்டடிபட்டு விழுந்தான். தண்ணீர் கேட்கவில்லை, அம்மாவைக் கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் இருந்தவன் அவன் சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு மறுபடி சுடப் போய்விட்டான். "பார்த்தியாடா?" என்று பக்கத்தில் திரும்பினேன். யாரோ ஒரு மனிதர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அதுதான் இந்த ஊரில் எனக்குப் பிடிக்காதது. நாற்காலி உண்டு, கூரை உண்டு, மழை நனைக்காது. ஆனால் பக்கத்தில் ஆள் இல்லை. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடும்போது, முன்பக்க பெஞ்சு எல்லாம் கிளாக்கர்மாருக்கும் கணக்கப்பிள்ளைமாருக்கும். லயத்து வரிசை வீடுகளின் சனங்கள் நாமெல்லாம் துணிக்குப் பின்பக்கம், ஈரத் தரையில். அந்தத் தரைதான் இப்போது ஞாபகம் வருகிறது. பைத்தியக்காரத்தனம், இல்லையா?

பதில் போடு. நாலு வரிக்கு மேல் போடு.

லியனார்ட்


பனிக்கல் தோட்டம்
மஸ்கெலியா
2.3.1962

லியனார்ட்,

என் எழுத்து கோழி கிளறியதாகவே இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் பீச்சாங்கையைக் கயிற்றால் பெஞ்சுக் காலில் கட்டிவிட்டு, சோத்தாங்கையால் எழுது என்றார்கள். நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். அந்தக் கையிலிருந்து இவ்வளவுதான் வரும்.

உன் இங்கிலீஷ் படத்தை வைத்துக்கொள். சாகிறவன் ஒரு வார்த்தை பேசாமல் செத்தால் அது என்ன படம்? நிஜத்தில்தான் எல்லாரும் அப்படிச் சாகிறார்களே. ஆத்தா போன வருஷம் அப்படித்தான் போனாள். நான் தேயிலை மலையிலிருந்து ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது, ஒரு சொல் இல்லை. நம்முடைய 'கருங்கோட்டைக் காவல'னில் கிழட்டு மந்திரி நெஞ்சில் மூன்று ஈட்டியோடு ஒரு முழுப் பாட்டும் பாடிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார். நீ சிரிப்பாய். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்.

இருபது பேரைச் சுற்றிவிடுவதை நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த மாறுகண் சிப்பாய் மூன்று தடவை சாவதை முதலில் கண்டுபிடித்தது நான்தான், நீயில்லை. ஆனால் தளபதி மாறவேலைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது. பீச்சாங்கையில் வாள் பிடித்து ஒரு கோட்டையையே காத்தவன். தோட்டத்தில் அந்தப் படம் மூன்று தரம் போட்டார்கள், மூன்று தரமும் பார்த்தேன்.

என் சங்கதி உனக்குத் தெரியும். கவ்வாத்து வெட்டும்போது எல்லாரும் ஒரு பக்கம் வீசினால் நான் எதிர்ப்பக்கம் வீசுவேன். பக்கத்து நிரைக்காரனுக்குக் கத்தி பட்டுவிடும் என்று கங்காணி என்னைக் கடைசி நிரையில், பாறை ஓரமாக விடுகிறார். எனக்கு அந்தப் பக்கம் செடி இல்லை. இந்தப் பக்கத்து ஆளும் ஒரு நிரை தள்ளித்தான் நிற்பான். நாள் முழுக்க வாயைத் திறக்க வேலை இல்லை. லயத்துக்கு வந்தால் அங்கேயும் யாரும் இல்லை. ஒரு ஆளுக்குச் சோறு ஆக்குவது எவ்வளவு சலிப்பு என்று உனக்குத் தெரியாது, உனக்குப் பேக்கரியில் போடுகிறார்கள்.

அதனால்தான் பெரியம்மா பெண் பார்க்கிறாள். கொத்மலைப் பக்கம், நாகலெட்சுமி என்று பெயர். பெண்ணின் தாய்மாமன் சிவசாமி என்று ஒருவர் வந்து பார்த்தார். கடையில் நான் பீச்சாங்கையால் தேத்தண்ணீர் கோப்பையை எடுத்ததும் முகம் சுண்டிவிட்டது. நானும் விடவில்லை. "கையில என்னங்க இருக்கு? கருங்கோட்டைக் காவலன்ல தளபதியே பீச்சாங்கைக்காரன்தானே" என்றேன். மனிதர் யோசித்தார். "அட, ஆமாப்பா. எங்க தோட்டத்துலயும் போட்டாங்க. அந்தாளு அப்படித்தான் வெட்டுவான்" என்றார். அப்புறம் சிரித்தார். கடையில் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

சித்திரை பிறந்ததும் வெற்றிலை மாற்ற வருகிறார்கள். அப்பா இல்லாத வீடு, தட்டை நானே கொடுக்க வேண்டுமாம். அதை மட்டும் சோத்தாங்கையால் கொடு என்று பெரியம்மா கையெடுத்துக் கும்பிடுகிறாள். வெறும் தட்டில் கல்லை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். இது நடந்துவிட்டால் எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிடும், லியனார்ட். மாதாவிடம் எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லு.

அழகுமுத்து


(தபால் அட்டை)
நுவரெலியா
19.3.1962

மச்சான் அழகுமுத்து,

ஒரு பெரிய செய்தி! உன் கருங்கோட்டைக் காவலன் இங்கே மறுபடி ஓடுகிறது. நேற்று முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். உன் தளபதி மாறவேல் பீச்சாங்கைக்காரனே இல்லையடா. அசல் சோத்தாங்கை. துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததில் எல்லாம் இடம் வலமாகத் தெரிந்திருக்கிறது. பத்து வருஷமாகப் பனிக்கல் தோட்டம் முழுக்க ஏமாந்திருக்கிறது, நீதான் அதில் முதல் ஆள்! மாறுகண் சிப்பாய் மட்டும் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மூன்று தடவை சாகிறான். வெற்றிலை மாற்றுகிற தேதியை எழுது.

லியனார்ட்


நுவரெலியா
30.4.1962

அன்புள்ள அழகுமுத்துக்கு,

அட்டை கிடைத்ததா இல்லையா? சித்திரை பிறந்து இத்தனை நாளாகிறது. வெற்றிலை மாற்றியாகிவிட்டதா? என்னைக் கூப்பிடவில்லை என்று கோபப்படலாம் என்று பார்த்தால், கோபப்படுவதற்குக்கூட நீ ஒரு வரி எழுதவில்லை.

இங்கே சீசன். கொழும்பிலிருந்து கார் காராக ஆட்கள் வருகிறார்கள். விடியும் முன்பே பாணும் பணிசும் சுட அடுப்பு மூட்ட வேண்டும். மாவு மூட்டைகளுக்கு மேல் பலகை போட்டுப் படுக்கிறேன். கூட வேலை செய்கிற இரண்டு பேரும் சிங்களப் பிள்ளைகள், நல்லவர்கள்தான். எனக்குத் தெரிந்த சிங்களம் மாவு, உப்பு, சூடு என்பதோடு முடிகிறது. அதற்கு மேல் பேச அவர்களிடம் எனக்கு ஒன்றும் வருவதில்லை.

போன வாரம் இன்னொரு சண்டைப் படம், பாலைவனத்தில் நடக்கிறது. இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள். ஒருவன் எடுத்து முடிக்கும் வரை மற்றவன் சுடாமல் காத்திருக்கிறான். நீ இருந்திருந்தால் இதற்கு ஏதாவது குதர்க்கமாகச் சொல்லியிருப்பாய். அதைக் கேட்க ஆசையாக இருந்தது.

உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? ஒரு வரி போடு.

லியனார்ட்


பனிக்கல் தோட்டம்
3.6.1962

லியனார்ட்,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அட்டை கிடைத்தது. எனக்கு மட்டும் அல்ல, எல்லாருக்கும் கிடைத்தது.

தோட்டத்தை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் எப்படி மறந்தாய்? இங்கே தபால் யார் கைக்கு நேராக வருகிறது? ஆபீசுக்குப் போய், அங்கிருந்து பெரட்டுக்கு வந்து, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். உறை போட்ட கடிதத்தை அப்படியே கொடுப்பார். அட்டையைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார், அதுவும் பழனியாண்டி கணக்கப்பிள்ளை நாடகக்காரன் குரலில் படிப்பார். நீயும் எத்தனை பேர் அட்டைக்கு வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறாய்.

காலைப் பனியில் முன்னூறு பேர் நின்றார்கள். "அசல் சோத்தாங்கை" என்கிற இடத்தை அவர் இரண்டு தரம் படித்தார். பெரட்டே சிரித்தது. கங்காணி சிரித்தார். கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? அன்றிலிருந்து நான் கடைசி நிரைக்குப் போகும்போதெல்லாம் "தளபதி வர்றாரு, வழிவிடுங்க" என்கிறார்கள். சின்ன வயதில் பீச்சாங்கையன் என்று கூப்பிட்டார்கள். அதுவே தேவலை.

சிவசாமி வந்தார். லயத்துக்கு வருவதற்கு முன் கடையில் தேத்தண்ணீர் குடித்தார். கடையில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். உள்ளே வரும்போதே முகம் சரியில்லை. நான் தட்டை எடுத்தேன், சோத்தாங்கையால்தான் எடுத்தேன். ஒரு மாதம் கல் வைத்துப் பழகிய கை. அன்றைக்கு என்னவோ அத்தனை கண்ணும் அந்தக் கை மேலேயே இருந்தது. தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. பாக்கு இரண்டு உருண்டு கீழே விழுந்தது. யோசிக்காமல் குனிந்து பொறுக்கினேன், பீச்சாங்கையால். பொறுக்கித் தட்டில் வைத்தேன்.

அவர் தட்டைத் தொடவில்லை. "படத்தச் சொல்லி என்னையுமில்ல முட்டாளாக்கிட்டீங்க" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நாகலெட்சுமிக்கு இப்போது நல்லதண்ணிப் பக்கம் ஒரு இடத்தில் முடிந்துவிட்டது என்று கேள்வி. அந்தப் பிள்ளையின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை.

ஒன்று கேட்கிறேன். எனக்கு மாறவேல் சோத்தாங்கைக்காரன் என்று தெரியாது என்றா நினைத்தாய்? படம் தொடங்கும்போது எழுத்தெல்லாம் திரும்பி ஓடும். நீ கழுத்தை வளைத்துக்கொண்டு அதை எனக்குப் படித்துச் சொல்வாய். எழுத்து திரும்பினால் வாளும் திரும்பித்தானே இருக்கும்? பன்னிரண்டு வயதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. உனக்கும் விளங்கியிருக்கும், நீ என்னைவிடப் படிப்பில் கெட்டிக்காரன். ஆனால் நீ ஒரு நாளும் சொல்லவில்லை. மாறவேல் வாளை உருவும்போதெல்லாம் என்னை முழங்கையால் இடிப்பாய். தெரிந்துகொண்டே எனக்காகச் சும்மா இருக்கிறானே என்று நினைப்பேன். எனக்கு இருந்தது அது ஒன்றுதான். படம்கூட இரண்டாவதுதான்.

அதைத்தான் நீ அட்டையில் எழுதி அனுப்பினாய்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

அழகுமுத்து


நுவரெலியா
22.6.1962

அழகுமுத்துக்கு,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். கிழித்துப் போட வேண்டுமென்றால் படித்துவிட்டுக் கிழி.

ஆமாம், தெரியும். நீ சொன்னதுபோலத்தான், எனக்கும் அப்போதே தெரியும்.

இந்தக் கடிதத்தை ஐந்தாறு தரம் எழுதிக் கிழித்தேன். பெரட்டில் படிப்பார்கள் என்பது எனக்கு நினைவே வரவில்லை என்று எழுதினேன். அது உண்மைதான், ஆனால் அதை எழுதி உனக்கு என்ன ஆகப்போகிறது? பெண்ணின் மாமனுக்கு ஒரு கடிதம் போடட்டுமா என்று எழுதினேன். நான் யார் அவருக்கு?

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மாறவேல் கோட்டை வாசலில் வாளை உருவினான். என் முழங்கை தானாக ஆடியது. பக்கத்து நாற்காலி காலி. இந்தப் பக்கமும் காலி. வாள் தப்பான கையில் இருக்கிறது, இடிப்பதற்கு நீயும் இல்லை. யாரோ வேறு ஒருத்தன் படத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் உனக்குச் சொல்லியாக வேண்டும், அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். அட்டைதான் கையில் கிடைத்தது. உன்னிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, நக்கலாக எழுதிவிட்டேன். உனக்குக் கலியாணம் ஆகிவிட்டால் என்னோடு உட்கார மாட்டாய் என்றும் உள்ளுக்குள் இருந்திருக்கலாம். அதுவும் தெரியவில்லை.

மன்னித்துக்கொள் என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

லியனார்ட்


நுவரெலியா
8.10.1962

அழகுமுத்துக்கு,

மரக்கறி லொறி ஓட்டுகிற வீரய்யா அண்ணன் சொன்னார், தீபாவளி முடிந்து வருகிற ஞாயிறு பனிக்கல் தோட்டத்தில் படமாம். கருங்கோட்டைக் காவலனேதானாம். எனக்கு இங்கே லீவு கிடைக்காது, முதலாளி இப்போதே கிறிஸ்மஸ் வேலை பேசுகிறார்.

நீ எந்தப் பக்கம் உட்காருவாய்? அது ஒன்றை மட்டும் எழுது.

லியனார்ட்


(தபால் அட்டை)
பனிக்கல் தோட்டம்
15.10.1962

பின்பக்கம்.

அட்டையில் எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

அழகுமுத்து


பனிக்கல் தோட்டம்
6.11.1962

லியனார்ட்,

எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பார்ப்பாய். இது பீச்சாங்கையால் எழுதுவது. பள்ளிக்கூடம் விட்டபிறகு ஒளித்து ஒளித்துப் பழகியது, யாருக்கும் காட்டியதில்லை. இதைக் கோழி கிளறியதாக நீ சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பற்றி எழுதுகிறேன். தெரியாதவனுக்கு எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன்.

உன் அட்டைக்குப் பிறகு லயத்து ஆட்களுக்கு ரோசம் வந்துவிட்டது. "இத்தன வருசம் எங்களுக்குத் திருப்பித் திருப்பியே காட்டினீங்க, இனிமே முன்னாலதான் உக்காருவோம்" என்று தீபாவளிக்கு முன்னமே தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். பெரிய கிளாக்கர் முகத்தைச் சுளித்தார். துரை ஊரில் இல்லாததால் விட்டுவிட்டார்கள். பொழுது சாயுமுன்னே பெரட்டுக் களம் முன்பக்கம் ஒரே நெரிசல், பெஞ்சுக்காரர்களும் லயத்துக்காரர்களும் தோளோடு தோள். அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் மானம் போனதில் தோட்டத்துக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது.

ஆனால் பின்பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. நான் மட்டும் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். "தளபதி, இந்தப் பக்கம் வாங்க, கைய சரியாப் பாக்கலாம்" என்று யாரோ கத்தினான். நான் அசையவில்லை. எழுத்து திரும்பி ஓடியது, படித்துச் சொல்ல ஆள் இல்லை. மழை தூறியது. லயத்தில் தனியாக இருப்பது பழகிவிட்டது, கடைசி நிரையும் பழகிவிட்டது. அந்த இடத்தில் தனியாக இருப்பது மட்டும் பழகவே இல்லை. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

மந்திரி பாட்டு நடக்கும்போது யாரோ ஒரு ஆள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து சாக்கின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரக் கம்பளிக்குள்ளிருந்து பாண் வாசனை வந்தது. மஸ்கெலியாவில் எந்தக் கம்பளியும் பாண் வாசனை அடிக்காது.

மாறுகண் சிப்பாய் மூன்றாம் தடவை செத்தபோது அந்த ஆள் மூக்கால் சிரித்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட சிரிப்பு. மாறவேல் கோட்டை வாசலுக்கு வந்து வாளை உருவினான். என் விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

பிறகு கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது, கையில் காகிதம் சுற்றிய ஒரு பணிஸ். துணியிலிருந்து வந்த வெளிச்சத்தில் அது எந்தக் கை என்று பார்த்தேன். கோயிலிலோ கடையிலோ பந்தியிலோ, பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் பீச்சாங்கையால் எதையும் நீட்டியதில்லை. நீட்டினால் அவமரியாதை. நான் நீட்டியும் யாரும் வாங்கியதில்லை. கல் வைத்துப் பழகிய கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் வாங்கிக்கொண்டேன்.

கடைசிச் சண்டை முடிவதற்குள் ரோட்டில் லொறிச் சத்தம் கேட்டது, அந்த ஆள் எழுந்து போய்விட்டான். லீவு இல்லாதவன் பாவம், என்ன செய்வான்?

உன் பேக்கரியில் பணிஸ் நன்றாகத்தான் போடுகிறார்கள். அடி கொஞ்சம் கருகியிருந்தது, முதலாளியிடம் சொல். அடுத்த படம் எப்போது என்று தெரியவில்லை. சாக்கை மடித்து வைத்திருக்கிறேன், இரண்டு பேர் உட்காரலாம்.

அழகுமுத்து